ஏ.டி.எச்.டி மருந்து: முதல் குளிசைக்கு முந்திய ஒரு கிழமை

மருந்து உறை பதினொரு நாள் எங்கள் சாமித்தட்டில் கிடந்தது. ஆஸ்பத்திரிப் பார்மசியில் தந்த சின்னக் காகித உறை. மேலே நீல மையில் "காலை 1, பகல் 1" என்று எழுதியிருந்தார்கள். திருநீற்றுக் கிண்ணத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் நடுவில் வைத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் விளக்கேற்றும்போது அதைப் பார்ப்பேன், நாளைக்குத் தொடங்குவோம் என்று நினைப்பேன், பிறகு கந்தோருக்கு ஓடிவிடுவேன். எனக்கு அப்போது வயது 37. ஏ.டி.எச்.டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு இருக்கிறது என்று வைத்தியர் சொன்ன அன்று ஆறுதலில் அழுதேன். இத்தனை வருடமும் சோம்பேறி, பொறுப்பில்லாதவள் என்று கேட்டுக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டதே என்று. குளிசை கைக்கு வந்ததும் அந்த ஆறுதல் போய்ப் பயம் வந்தது.

மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கத்திலோ அக்கரைப்பற்றிலோ என்னைப் போல மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கப் பயந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்று தீர்மானிப்பது உங்கள் மனநல வைத்தியர்தான். அந்தத் தீர்மானத்துக்கும் முதல் குளிசைக்கும் இடையில் நாங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை.

1. பயத்தைக் கேள்வியாக்குங்கள்

ஒரு தாளில் உங்களுக்கு என்ன பயம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். மொத்தமாக "பயமாக இருக்கிறது" என்றால் யாராலும் பதில் சொல்ல முடியாது. நான் எழுதியபோது ஐந்து வந்தன: நெஞ்சு நின்றுவிடுமா, அடிமையாகிவிடுவேனா, நான் வேறு ஆளாகிவிடுவேனா, தொடங்கினால் சாகும்வரை விடமுடியாதா, இது ஐஸ் போதைப்பொருள் மாதிரியான சாமானா. கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கமாக இருந்தது. ஐஸால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கெட்டுப்போவதைக் கண்ணால் பார்க்கிறோம், அந்தப் பயம் வராமல் இருக்காது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

எனக்குத் தந்தது மெதில்பெனிடேட். அது ஊக்கி வகை மருந்து. ஐஸும் ஊக்கி வகைதான், ஆனால் இரண்டும் ஒரே பொருள் அல்ல. மருந்து அளவான மில்லிகிராமில், வயிற்றின் வழியாக மெதுவாக மூளைக்குப் போகிறது. வைத்தியர் சொன்ன அளவில் வாயால் எடுக்கும்போது அடிமையாகும் ஆபத்து குறைவு. அளவை மீறினாலோ, போதைக்காகப் பாவித்தாலோ அந்த ஆபத்து உண்மையானது. அதனால்தான் ஐக்கிய நாடுகளின் 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இது கட்டுப்பாட்டு மருந்தாக இருக்கிறது, வைத்தியரின் துண்டு இல்லாமல் தரமாட்டார்கள். முன்பு குடியோ வேறு போதைப் பழக்கமோ இருந்திருந்தால் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம். அதற்கேற்ற வேறு மருந்தைத் தெரிவு செய்ய அவரால் முடியும்.

புது மருந்து என்ற பயமும் எனக்கு இருந்தது. மெதில்பெனிடேட்டை 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பனியில் லியாந்திரோ பனிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். ரிட்டா என்று அழைக்கப்பட்ட தன் மனைவியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார், ரிட்டாலின் என்று. 1950களில் இருந்து பாவனையில் இருக்கிறது. அதன் நல்லது கெட்டது இரண்டையும் வைத்தியர்கள் நீண்ட காலமாகப் பார்த்து வருகிறார்கள்.

வேறு ஆளாகிவிடுவேனா என்ற கேள்விக்கு வைத்தியர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "அப்படித் தெரிந்தால் அளவு கூடிவிட்டது, அல்லது இந்த மருந்து உங்களுக்குச் சரியில்லை. வந்து சொல்லுங்கள், மாற்றுவோம்." ஆள் மந்தமாகிவிட்டால், சிரிப்பு வராமல் போனால், அதை மருந்தின் விலையாகப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

2. உங்கள் குளிசை எந்த வகை?

உறையில் உள்ள பெயரைப் படியுங்கள். கையெழுத்து விளங்காவிட்டால் பார்மசியிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எது என்று தெரியாமல் எதை எதிர்பார்ப்பது என்று தெரியாது.

எங்கள் மூளையில் டோபமின், நொரட்ரினலின் என்ற இரண்டு பொருட்கள் ஒரு நரம்பணுவில் இருந்து மற்றதற்குச் செய்தி கொண்டுபோகின்றன. வெளியே வந்ததும் அவை திரும்ப உள்ளே இழுக்கப்படுகின்றன. மெதில்பெனிடேட் இரண்டும் திரும்பிப் போவதைத் தாமதப்படுத்துகிறது. முகத்துவாரத்தை மண் மூடினால் வாவியில் நீர் தங்கி நிற்குமே, அதைப் போலத்தான் நான் விளங்கிக்கொண்டேன். சாதாரண வகை அரை மணித்தியாலத்தில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி மூன்று நான்கு மணித்தியாலத்தில் அடங்கிவிடும். நீண்ட நேர வகை எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் வரை நிற்கும். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது.

ஏ.டி.எச்.டிக்குத் தரும் இன்னொரு மருந்து அட்டமொக்செட்டின். அது ஊக்கி வகை அல்ல. அது பெரும்பாலும் நொரட்ரினலினில் வேலை செய்கிறது. முதல் நாளில் அதனிடம் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். பலன் தெரியச் சில கிழமைகள் ஆகும், முழுப்பலனுக்கு ஆறு எட்டுக் கிழமையும் ஆகலாம். குமட்டலும் வாய் வறட்சியும் முந்தி வரும், பலன் பிந்தி வரும். இந்த வரிசை தெரியாததால் பலர் இரண்டாம் கிழமையிலேயே விட்டுவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாமா என்று கேளுங்கள். அதன் உறைக்குளிசையை (கப்சியூலை) உடைத்துத் திறக்க வேண்டாம், உள்ளே இருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரிக்கும்.

3. வைத்தியரிடம் மறைக்கக்கூடாதவை

கிளினிக்கில் கூட்டம், நம்பர் வந்ததும் வாயில் இருந்த எல்லாம் மறந்துவிடும். எங்களுக்கு மறதி இருப்பதால்தானே அங்கே போகிறோம். கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதிக்கொண்டு போங்கள். தமிழ் தெரியாத வைத்தியர் என்றால், மொழிபெயர்க்க ஒரு நேர்ஸ் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

இதயத்தில் ஏதும் கோளாறு, பிரஷர், மயங்கி விழுந்த அனுபவம் உண்டா? குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்கு முன் திடீரென்று நெஞ்சுக் கோளாறால் இறந்தார்களா? எங்கள் மாமா ஒருவர் அப்படித்தான் போனார். அதைச் சொன்னதும் வைத்தியர் முதலில் ஈ.சி.ஜி எடுக்கச் சொன்னார். அது சரியாக இருந்தபின் தந்த மருந்து என்பதை நினைத்தபோது பாதிப் பயம் இறங்கியது. தைரொயிட், கண் அழுத்தம், வலிப்பு, ஈரல் நோய், முன்பு வந்த மனநோய், தற்கொலை எண்ணம், கர்ப்பம் அல்லது அதற்கான எண்ணம், பாலூட்டுதல் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும்.

இப்போது எடுக்கும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள். மன அழுத்தத்துக்கான சில குளிசைகள், உதாரணமாக ஃப்ளுஒக்செட்டின், அட்டமொக்செட்டினின் அளவை உடம்பில் கூட்டிவிடும். சளிக் குளிசைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎபிட்ரின் பிரஷரைக் கூட்டும். ஆயுர்வேத, சித்த மருந்தும் மருந்துதான். வைத்தியர் கோபிப்பார் என்று அதை மறைப்பவர்கள் எங்கள் ஊரில் அதிகம். சொல்லிவிடுங்கள்.

பதற்றமும் சேர்ந்து இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஊக்கி மருந்து சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும், சிலருக்கு வேலைகள் ஒழுங்காவதால் பதற்றம் குறையும். எப்படி என்று முன்கூட்டித் தெரியாது, அதனால்தான் சின்ன அளவில் தொடங்குகிறார்கள்.

4. ஒரு கிழமைக் கொப்பி

இதைத்தான் நான் எல்லாரிடமும் மன்றாடிச் சொல்வேன். குளிசையைத் தொடங்குவதற்கு முன்னமே, ஏழு நாள் உங்கள் உடம்பைப் பற்றி எழுதுங்கள். தாமதிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தால் மூன்று நாளாவது.

பள்ளிப் பிள்ளைகளின் 40 பக்கக் கொப்பி போதும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எத்தனை மணிக்குப் படுத்தேன், எப்போது தூக்கம் வந்தது, காலையில் நாடித்துடிப்பு எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், எத்தனை தேத்தண்ணி, தலையிடி இருந்ததா, நெஞ்சு படபடத்ததா, யாரோடாவது எரிந்து விழுந்தேனா. அவ்வளவுதான். நாடியைப் பார்க்க மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். எழும்பி ஓடிய உடனே எண்ணாதீர்கள், ஐந்து நிமிடம் இருந்துவிட்டு எண்ணுங்கள். வளர்ந்தவர்களுக்கு அமைதியாக இருக்கும்போது 60 முதல் 100 வரை இருப்பது வழமை. பிரஷர் மெசின் உள்ள வீடாக இருந்தால் அதையும் எழுதலாம். நிறையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ஏழு பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். ஏழு நாளில் நான்கு நாள் தலையிடி. மூன்று நாள் விடியச்சாமம் இரண்டு மணிக்குப் பிறகுதான் தூக்கம். ஒரு நாள் கந்தோரில் மூன்றாவது பிளேன்ரீக்குப் பிறகு நெஞ்சு அடித்த அடியில் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு நாள் பகல் சாப்பாட்டை மறந்தே போனேன். ஒரு குளிசையும் தொடாத கிழமை அது. மருந்தைத் தொடங்கியிருந்தால் இந்த எல்லாவற்றையும் அதன் தலையில் போட்டிருப்பேன்.

5. முதல் நாள்

வீட்டில் இருக்கும் நாளாக, பக்கத்தில் ஒருவர் இருக்கும் நாளாகத் தெரிவு செய்யுங்கள். திருவிழா, கலியாணவீடு, நீண்ட பஸ் பயணம், பரீட்சை வேண்டாம். அன்று மோட்டார் சைக்கிள் ஓடாதீர்கள், உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தபின் ஓடலாம். காலையில் நன்றாகச் சாப்பிடுங்கள், ஏனென்றால் பகல் பசி குறையும். தேத்தண்ணியை ஒன்றோடு நிறுத்துங்கள். கபீன் படபடப்பைக் கூட்டும், பிறகு எது எதனால் என்று பிரிக்கமுடியாது. மதுவைத் தொடவே வேண்டாம்.

நான் ஒரு சனிக்கிழமை இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, 8.10க்குக் குளிசையைப் போட்டேன். 8.15க்கு நெஞ்சு படபடத்தது. உள்ளங்கை வேர்த்தது. நாடி 104. தங்கச்சியைக் கூப்பிட்டு "ஆஸ்பத்திரிக்குப் போவமா" என்றேன். அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். "அக்கா, இப்பதானே போட்டீங்க. அது இன்னும் கரைஞ்சே இருக்காது" என்றாள். உண்மை. மருந்து வேலை செய்ய அரை மணித்தியாலமாவது வேண்டும். ஐந்து நிமிடத்தில் வந்தது என் பயம். இருவரும் கிணற்றடிக்குப் போய் நின்றோம், பத்து நிமிடத்தில் நாடி 88க்கு வந்தது. என் கொப்பியில் வழமையான எண் 80 அளவில் இருந்தது. அந்த எண்கள் இல்லாமல் இருந்திருந்தால் அன்றே மருந்தை விட்டிருப்பேன்.

அதனால், குளிசை போட்ட நேரத்தை எழுதுங்கள். ஏதாவது வந்தால் வந்த நேரத்தை எழுதுங்கள். வகைக்கேற்ப எப்போது அடங்கும் என்றும் எழுதுங்கள். என் தாளில் "12 மணிக்கு இது போய்விடும்" என்று பெரிதாக எழுதியிருந்தேன்.

ஒன்பது மணிக்குப் பிறகு என்ன நடந்தது? பெரிதாக ஒன்றும் இல்லை. வாய் கொஞ்சம் வறண்டது. பக்கத்து வீட்டுத் தகரத்தில் காகம் கத்தியது, நான் எழும்பிப் பார்க்கவில்லை. அது மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது. முதல் அளவு சின்னது, பலருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியவில்லை என்று நீங்களாக இன்னொன்றைப் போடாதீர்கள். அளவைக் கிழமைக் கணக்கில் படிப்படியாகக் கூட்டுவதுதான் முறை. எனக்கு மூன்றாம் கிழமை, அளவு கூடிய பிறகு, ஒரு சனிக்கிழமை ஒரு கிலோ இறாலை இடையில் எழும்பாமல் துப்புரவாக்கி முடித்தேன். போனையும் எடுக்கவில்லை, அடுப்படியை விட்டும் போகவில்லை. கடைசி இறாலின் ஓட்டைக் கழற்றியபோது கை நின்றது. ஒரு வேலை முடிந்தால் இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தேன்.

6. அடுத்த கிழமைகள்

பலருக்கும் வரும் பக்கவிளைவு பசி குறைவதுதான். காலைச் சாப்பாட்டைக் கனமாக்குங்கள், இரவில் பசி திரும்பும்போது ஒழுங்காகச் சாப்பிடுங்கள். மத்தியானம் சோறு இறங்காவிட்டால் எருமைத் தயிரும் வாழைப்பழமும் இறங்கும். கிழமைக்கு ஒருமுறை நிறை பாருங்கள். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் வாய் வறட்சியோடு வெயிலும் சேரும், தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வெளியே போகவேண்டாம்.

தூக்கம் கெட்டால் பகல் குளிசையின் நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். ஒரு நேரம் மறந்துபோனால் பின்னேரம் போட்டு ஈடுகட்டாதீர்கள், இரண்டாகவும் போடாதீர்கள். அலாரம் வையுங்கள். மருந்தின் வேலை அடங்கும் நேரத்தில் சிலருக்குச் சிடுசிடுப்பும் களைப்பும் வரும். எனக்கு அது ஐந்து மணியளவில், வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தில் வந்தது. அந்த அரை மணித்தியாலம் என்னோடு கதைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி, முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து இருப்பேன்.

கொஞ்சம் தலையிடி, வயிற்றுப் பிரட்டல் எல்லாம் பெரும்பாலும் சில நாளில் குறையும். ஆனால் நெஞ்சு நோவு, மயக்கம், மூச்சு முட்டல், கை கால் ஒரு பக்கம் விழுதல் வந்தால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இல்லாத சத்தம் கேட்பது, எல்லாரிலும் கடும் சந்தேகம், கட்டுப்படாத உற்சாகம், சாகவேண்டும் என்ற எண்ணம், இவற்றுக்கும் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக்கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அட்டமொக்செட்டின் எடுப்பவர்கள் கண் மஞ்சளாவதையும் சிறுநீர் கறுப்பதையும் கவனியுங்கள். அமைதியாக இருக்கும்போதே நாடி 120க்கு மேல் நின்றால் அன்றே வைத்தியருக்குத் தெரிவியுங்கள்.

7. வீட்டாரிடம்

அம்மா உறையைக் கண்டுவிட்டு, "என்ன புள்ள, விசருக்குக் குடுக்கிற குளிசையா இது?" என்று கேட்டா. கோபம் வந்தது. ஆனால் அவவுக்கும் பயம்தான். "இல்லம்மா, கவனத்துக்கு. கண்ணுக்குக் கண்ணாடி போடுற மாதிரி" என்றேன். "மறுகா இதை விடலாமா?" என்று கேட்டா. விடலாம், வருடத்துக்கு ஒருமுறையாவது இன்னும் தேவையா என்று வைத்தியரோடு பார்ப்பார்கள் என்றேன். அதன் பிறகு காலையில் "சாப்பிட்டுட்டுப் போடு" என்று நினைவூட்டுவது அவதான். எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒருவருக்காவது சொல்லுங்கள், உங்கள் முகத்தில் தெரியும் மாற்றத்தை உங்களுக்கு முன் அவர் காண்பார்.

8. சில நடைமுறைகள்

கட்டுப்பாட்டு மருந்து என்பதால் ஒருதடவைக்கு நிறையத் தரமாட்டார்கள். முடிவதற்கு ஒரு கிழமை முன்னமே அடுத்த திகதியைப் பாருங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. தனியாரில் சனல் பண்ணுபவர்கள், அந்தக் குளிசை எந்தப் பார்மசியில் கிடைக்கும் என்று வைத்தியரிடமே கேட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். உறையை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். ஏ.எல் எடுக்கும் தம்பி "ஒண்டு தாங்க, படிக்க" என்று கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அவனுடைய இதயத்தை யாரும் பார்க்கவில்லை.

கட்டார், சவூதி, துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள் இந்தக் குளிசையைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிடக் கூடாது. அந்த நாட்டின் விதியைத் தூதரகத்தில் கேட்டு, வைத்தியரின் கடிதமும் தேவையான அனுமதியும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நோன்பு, விரதம் பிடிப்பவர்கள் ஒரு மாதம் முன்னமே கேளுங்கள். காத்தான்குடியில் இருக்கும் என் தோழி றமழானுக்கு முன் கிளினிக்கில் கேட்டபோது, விடியமுன் சாப்பிடும் சஹருக்கு எடுக்கக்கூடியபடி வகையையும் நேரத்தையும் வைத்தியர் மாற்றிக் கொடுத்தார். அவள் தானாக நிறுத்தியிருந்தால் அந்த மாதம் முழுதும் தடுமாறியிருப்பாள்.

இரண்டாவது கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியையும் எடுத்துப்போங்கள். என்னுடையதை வைத்தியர் வாங்கி, மருந்துக்கு முந்திய ஏழு பக்கத்தையும் பிந்திய பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலையிடி அதேயளவுதான், தூக்கம்தான் பிந்தியிருக்கிறது என்று விரலால் காட்டினார். பகல் குளிசையை இரண்டு மணியில் இருந்து பன்னிரண்டரைக்கு மாற்றி எழுதித் தந்தார்.